கொம்பு முன்னே, மெய் பின்னே: பி.டி.எஃப். கோப்புக்குள் தமிழ் எழுத்து

சில மாதங்களுக்கு முன் ஒரு திட்ட அறிக்கை எனக்கு பி.டி.எஃப். கோப்பாக வந்தது. முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அட்டையிலேயே 'கொள்கை' என்ற சொல் கொட்டை எழுத்தில் நின்றது. உள்ளே அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பார்க்கத் தேடல் பெட்டியில் தட்டினேன். ஓரிடத்திலும் இல்லை என்று பதில் வந்தது. அட்டையில் இருந்த சொல்லையே நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பார்த்தேன். 'ெகாள்ைக' என்று விழுந்தது. ஒற்றைக்கொம்பு முன்னால் போய்த் தனியே நிற்க, ககரம் துணைக்காலைச் சேர்த்துக்கொண்டு 'கா' ஆகியிருந்தது.

கணினியில் தமிழைப் புழங்குகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். 'ஃபான்ட் பிரச்சினை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியான விளக்கம் அல்ல. அந்தக் கோப்பில் இருந்தது யூனிகோடு எழுத்துரு. கோப்பு தர விதி எதையும் மீறவில்லை. தாளில் அச்சிட்டால் ஒரு குறையும் தெரியாது. அப்படியானால் பிழை எங்கே என்று துருவிக்கொண்டு போனால், பி.டி.எஃப். என்ற வடிவம் எதற்காகப் பிறந்தது என்ற இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

புள்ளிகளை அனுப்ப முடியாத காலம்

1985ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் என்ற பிரிண்டரை 6,995 டாலர் விலையில் கொண்டுவந்தது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அச்சிடும் இயந்திரம் அது. எட்டரைக்குப் பதினோரு அங்குலம் உள்ள அமெரிக்க லெட்டர் தாளைக் கணக்குப் பண்ணிப் பார்க்கலாம். அகலத்தில் 2,550 புள்ளி, உயரத்தில் 3,300 புள்ளி. பெருக்கினால் 84 லட்சத்து 15 ஆயிரம். கருப்பா வெள்ளையா என்று சொல்லப் புள்ளிக்கு ஒரு பிட் போதும் என்றாலும், ஒரு பக்கத்துக்குப் பத்தரை லட்சம் பைட் நினைவகம் வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த மெக்கின்டாஷ் கணினியின் மொத்த நினைவகமே 128 கிலோபைட்தான். கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் இருந்த லோக்கல்டாக் இணைப்பு நொடிக்கு 2,30,400 பிட் வேகம் கொண்டது. அந்த வேகம் முழுவதும் கிடைத்தாலும் ஒரு பக்கத்துப் புள்ளிகள் போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே கணினியால் பக்கத்தைப் புள்ளிகளாகச் சேர்த்துவைக்கவும் முடியாது, நேரத்தில் அனுப்பவும் முடியாது. 'இந்த இடத்தில் இந்த எழுத்துருவில் இந்த அளவில் இந்த எழுத்தைப் போடு' என்ற விவரிப்பை மட்டும் அனுப்பி, புள்ளிகளாக்கும் வேலையைப் பிரிண்டரிடமே விட்டார்கள். அதனால்தான் லேசர்ரைட்டருக்குள் ஒன்றரை மெகாபைட் நினைவகமும் 12 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டரோலா 68000 செயலியும் இருந்தன. அதே செயலி மெக்கின்டாஷில் ஏறத்தாழ 8 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடியது. மேசைமேல் இருந்த இரண்டு பெட்டிகளில் பிரிண்டர்தான் வலிமையான கணினி.

அந்த விவரிப்பு மொழியின் பெயர் போஸ்ட்ஸ்கிரிப்ட். ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இன்டர்பிரஸ் என்ற பக்க விவரிப்பு மொழியை உருவாக்கியவர்கள். ஜெராக்ஸ் அதை வெளியே விடத் தயங்கியதால் விலகி 1982 டிசம்பரில் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வார்னாக் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர் அது.

போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் இலக்கணம் தமிழ் அறிந்தவருக்கு அந்நியமாகப் படாது. அதில் எண்கள் முதலில் வரும், செய்ய வேண்டியது கடைசியில் வரும். '72, 72, நகர்' என்று எழுதினால், தாளின் இடது கீழ் மூலையிலிருந்து வலப்புறம் ஓர் அங்குலம், மேலே ஓர் அங்குலம் தள்ளி எழுதுகோலை வை என்று பொருள். அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு என்பதே அதன் அளவு, பி.டி.எஃப்.பில் இன்றும் அதுதான். ஏ4 தாள் 595க்கு 842 என்று மென்பொருளாளர்கள் மனப்பாடமாகச் சொல்வது இந்தக் கணக்கில்தான். எழுத்துகளும் புள்ளிகளாக இல்லாமல் வளைகோடுகளின் சமன்பாடுகளாகவே போயின. ஒரே கோப்பை மேசைப் பிரிண்டரில் 300 புள்ளியிலும், லைனோட்ரானிக் ஒளியச்சுக் கருவியில் 2,540 புள்ளியிலும் எடுக்க முடிந்தது. அச்சகத்துக்குப் போகும் முன்பே தன் பக்கம் எப்படி வரும் என்பதை ஒரு சிறு பத்திரிகை ஆசிரியர் மேசையில் பார்த்துவிடலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் முழுமையான நிரல்மொழி. சுழற்சி உண்டு, நிபந்தனை உண்டு, புதிய கட்டளைகளை வரையறுக்கும் வசதியும் உண்டு. இருநூறாம் பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றாலும் முதல் 199 பக்கத்து நிரலை ஓட்டினால்தான் அது சரியாக வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு நிரல் எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அமெரிக்க வருமான வரிப் படிவத்தை வார்னாக் போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் எழுதி அச்சிட்டபோது அது மிகவும் நேரம் எடுத்தது. சுழற்சிகளையும் வரையறைகளையும் ஒரு தடவை ஓட்டி, அதன் முடிவாக வரும் 'இங்கே கோடு, இங்கே எழுத்து' என்ற வெறும் வரைகட்டளைகளை மட்டும் சேகரித்து மறுபடி அச்சிட்டார். சில நொடிகளில் பக்கம் வந்தது. சமையல் குறிப்பை விட்டுவிட்டு சமைத்த பண்டத்தைப் பொட்டலம் கட்டியது போன்ற வேலை அது.

பி.டி.எஃப்.பின் வித்து அந்தப் பொட்டலம்தான். 1991இல் கேம்லாட் என்ற பெயரில் வார்னாக் ஒரு சிறு குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் உருவான ஆவணமும் எந்தக் கணினியிலும் அதே தோற்றத்தில் தெரிய வேண்டும், அச்சாக வேண்டும் என்பது அதன் சாரம். 1993 ஜூனில் அக்ரோபேட் மென்பொருளுடன் பி.டி.எஃப். வெளியானது. படிப்பதற்கான மென்பொருளையும் முதலில் விலைக்கு விற்றுப் பார்த்து, பிறகு இலவசமாக்கினார்கள். 2008 ஜூலையில் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாகி, ஒரு தனி நிறுவனத்தின் பிடியிலிருந்து வெளியே வந்தது.

கோப்பின் உள்ளமைப்பில் ஒரு நேர்த்தி உண்டு. அதை வாலிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். கடைசி வரிகளில் ஓர் அட்டவணையின் இருப்பிடம் சொல்லப்பட்டிருக்கும். எந்தப் பொருள் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை அந்த அட்டவணை வரிக்கு 20 பைட் என்ற கண்டிப்போடு சொல்லும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் இருநூறாம் பக்கச் சிக்கல் இதில் இல்லை, நேரே அங்கே குதித்துவிடலாம். திருத்தங்களையும் பழையதை அழிக்காமல் வாலிலேயே சேர்க்கலாம். கருப்புப் பட்டை போட்டு மறைத்ததாக நினைத்த பெயர்கள் அடியில் அப்படியே கிடந்து வெளியே வருவதற்கும் இதையொத்த காரணம்தான்: பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கும், கோப்பின் உள்ளடக்கம் மாறியிருக்காது.

எழுத்தும் வடிவமும்

சமைத்த பொட்டலத்துக்குள் சொல் இல்லை. வடிவம்தான் இருக்கிறது. எழுத்துருவுக்குள் வரிசை எண் போட்டு அடுக்கிய வரிவடிவங்களில் 37ஆவதை இந்த இடத்தில் வை, 112ஆவதை அதற்குப் பக்கத்தில் வை என்று மட்டுமே பக்கத்தின் உள்ளடக்கம் சொல்கிறது. கோப்பின் அளவைக் குறைக்க, எழுத்துருவிலிருந்து தேவையான வடிவங்களை மட்டும் பிய்த்தெடுத்துச் சேர்ப்பார்கள்.

ஆங்கிலத்துக்கு இது பெரிய பாரமாகப் படவில்லை. அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம், எழுத்தின் வரிசையும் வடிவத்தின் வரிசையும் ஒன்றே. அதனால் எழுத்து வேறு வடிவம் வேறு என்ற உண்மை அங்கே நெடுங்காலம் கண்ணில் படாமலே இருந்தது. அடோபியார் அதைக் கவனிக்காமல் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1996இல் வந்த 1.2ஆம் பதிப்பில் டு-யூனிகோட் என்ற அட்டவணையைச் சேர்த்தார்கள். 37ஆவது வடிவம் என்றால் யூனிகோடில் இன்ன எழுத்து என்று அது சொல்லும். ஒரு வடிவத்துக்கு இரண்டு மூன்று எழுத்துகளைக்கூட ஈடாகத் தரலாம். 'கு' என்ற ஒற்றை வடிவத்துக்குக் ககரமும் உகரக்குறியும் ஈடு என்று எழுதினால் போதும், நகலெடுக்கும்போது சரியாக வரும்.

அந்த அட்டவணையால் வரிசையை மாற்ற முடியாது. தமிழ் இடறி விழுவது இங்கேதான்.

யூனிகோடில் 'கொ' என்பது முதலில் ககரம், அதன்பின் ஒகரக்குறி. நாம் உச்சரிக்கும் ஒழுங்கு அது. 1988இல் வகுத்த இஸ்கி குறியேற்றத்தின் வழியாக யூனிகோடுக்கு வந்த முறை இது. எழுதும்போது ஒகரக்குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்தின் இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் உட்கார்கிறது. திரையில் காட்டுவதற்கு முன் இந்த இடமாற்றத்தை ஒரு மென்பொருள் அடுக்கு செய்துவிடும். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவுடன் யூனிஸ்கிரைப் செய்ததும் இதுதான். இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் உலாவிகளிலும் ஹார்ஃப்பஸ் செய்வதும் இதுதான். அது திருப்பித் தருவது மூன்று வடிவங்கள்: கொம்பு, ககரம், கால். பி.டி.எஃப். எழுதும் மென்பொருள் அந்த மூன்றையும் அதே ஒழுங்கில் பக்கத்தில் வைக்கிறது. நகலெடுக்கும்போது டு-யூனிகோட் அட்டவணை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறது. 'ெ', 'க', 'ா'. ஒவ்வொரு பெயர்ப்பும் சரி. சேர்ந்து வருவது தமிழ் அல்ல.

ஈய அச்சுக் காலத்து அச்சுக்கோப்பவரின் கை முதலில் கொம்பை எடுத்தது, பிறகு ககரத்தை, பிறகு காலை. தட்டச்சுப்பொறியிலும் அதே வரிசை. பாமினி போன்ற பழைய எட்டு பிட் எழுத்துருக்களும் அந்தப் பழக்கத்தையே பின்பற்றின. யூனிகோடு அதை மாற்றி ஒலி வரிசைக்குக் கொண்டுவந்தது. பி.டி.எஃப். நம் எழுத்தைச் சத்தமில்லாமல் அச்சுக்கோப்பவரின் பெட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. அது தாளுக்காகச் செய்த வடிவம் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

பாமினிக் காலத்துக் கோப்புகளின் நிலை இதைவிட மோசம். அந்த எழுத்துருவில் 'தமிழ்' என்று அச்சாக வேண்டுமானால் ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி தட்ட வேண்டும். கோப்புக்குள்ளும் அவைதான் இருக்கும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழ் ஆவணமே அல்ல. இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் இப்படி உருவான இதழ்களும் மலர்களும் ஏராளம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களை முன்வைத்தது. தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு முழுமையாக இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்று ஒரு மாற்றையும் சேர்த்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16, அச்சுத் துறையினரின் இந்தத் தவிப்பிலிருந்து பிறந்தது. அதை வேண்டாத பிடிவாதம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் பி.டி.எஃப்.பிலிருந்து தமிழை மீட்கப் போராடியவர்களின் வலி உண்மையானது.

எழுத்தையும் வடிவத்தையும் பிரித்து வைப்பதில் எவ்வளவு நன்மை என்பதற்கும் தமிழிலேயே சான்று இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை', 'னை', 'ணா', 'றா' போன்றவை வேறு வடிவில் அச்சாயின. யூனிகோடில் சேமித்த உரைக்கு அந்த மாற்றம் ஒரு பொருட்டே அல்ல. பழைய வடிவம் தரும் எழுத்துருவைப் போட்டால் பழைய தோற்றம், புதியதைப் போட்டால் புதிய தோற்றம். உரை ஒன்றுதான், தேடினால் இரண்டிலும் கிடைக்கும். வடிவத்தை மட்டும் சேமித்த கோப்பில் இந்தச் சுதந்திரம் இல்லை.

கையில் இருந்ததைக் கைவிடுதல்

தீர்வு பி.டி.எஃப். தர ஆவணத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆக்சுவல் டெக்ஸ்ட் என்று அதற்குப் பெயர். சில வடிவங்களைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டி, 'இந்தக் கட்டின் உண்மையான உரை இதுதான்' என்று எழுதிவைக்கலாம். கொம்பு, ககரம், கால் மூன்றையும் கட்டி 'கொ' என்று சீட்டு ஒட்டிவிட்டால், இந்தச் சீட்டை மதிக்கும் படிப்பு மென்பொருள் தேடலுக்கும் நகலுக்கும் அதையே கொடுக்கும். சீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. லிப்ரே ஆபீஸும் பி.டி.எஃப். எழுதும்போது இதைப் பயன்படுத்துகிறது.

மென்பொருள் எழுதுவோருக்கு இது தாங்க முடியாத கூடுதல் வேலையும் அல்ல. ஹார்ஃப்பஸ் வடிவங்களைத் தரும்போது, ஒவ்வொரு வடிவமும் மூல உரையின் எந்தத் துண்டிலிருந்து வந்தது என்ற எண்ணையும் சேர்த்தே தருகிறது. கொம்பு, ககரம், கால் மூன்றுக்கும் ஒரே எண் இருக்கும். அதாவது பி.டி.எஃப். எழுதும் நிரலின் கையில் அந்தக் கணத்தில் எல்லாத் தகவலும் இருக்கிறது. திரும்பப் பெற முடியாத ஒன்றை எழுதும்போதே கீழே போட்டுவிடுகிறோம். இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளில் தமிழ்ப் பாடக் குறிப்பைத் திறக்கும்போது கேட்பது நாம் கீழே போட்டதன் விளைவைத்தான். கண்ணால் படிப்பவருக்குக் குறையற்ற பக்கம், காதால் படிப்பவருக்குச் சொல்லே இல்லாத ஒலிகள்.

ஆவணக் காப்பகங்கள் நம்பியிருக்கும் பி.டி.எஃப்./ஏ தரமும் இங்கே முழுப் பாதுகாப்பு தருவதில்லை. 2005இல் வந்த அதன் முதல் பகுதியில் 'பி' நிலை என்பது தோற்றத்துக்கு மட்டும் உறுதி சொல்கிறது. 2011இல் வந்த இரண்டாம் பகுதியின் 'யூ' நிலை, ஒவ்வொரு வடிவத்துக்கும் யூனிகோடு ஈடு இருக்க வேண்டும் என்கிறது. 'ெகாள்ைக' அந்தச் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஈடு இருக்கிறது. நூறாண்டு காக்க வேண்டிய கோப்புக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும், உள்ளே கொம்புள்ள ஒரு சொல்லும் தேடக் கிடைக்காது.

தோற்றம் மட்டும் போதும் என்ற இடங்களும் இருக்கின்றன. கடையில் பில் அடிக்கும் வெப்ப அச்சு இயந்திரம் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும். 58 மில்லிமீட்டர் சுருளில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர், அதாவது 384 புள்ளி. இயந்திரத்துக்குள் தமிழ் எழுத்துரு இல்லாதபோது, 'அரிசி 5 கிலோ' என்ற வரியைக் கணினியே படமாக வரைந்து அனுப்பும். 32 புள்ளி உயர வரிக்கு 1,536 பைட். ஆங்கிலத்தில் 32 எழுத்துள்ள வரிக்கு 32 பைட் போதும். தாளில் கிழித்துக் கொடுக்கும் சீட்டுக்கு இது முறையான வழிதான். அதே படத்தை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும்போது மட்டும்தான் தவறு தொடங்குகிறது.

வடிவத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் காட்டினார். ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, 21.11 என்று இருந்த அறையின் பரப்பு 14.13 என்று வந்தது. ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, ஒத்த உருவங்களைக் கண்டால் ஒன்றைச் சேமித்து அதையே மற்ற இடத்திலும் ஒட்டிவிடும். எண்கள் மங்கலாக வரவில்லை, தெளிவாக, கூர்மையாக, தவறாக வந்தன. ஜெராக்ஸ் பிறகு திருத்த மென்பொருள் வெளியிட்டது. தமிழில் துணைக்காலும் ரகரமும், ஔகாரக்குறியின் பின்பாதியும் ளகரமும் எவ்வளவு நெருக்கமானவை என்று நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

அந்த அறிக்கைக்கு வருகிறேன். அதைச் சரிசெய்ய ஒரு சிறு நிரல் எழுதினேன். முதலில் கண்டறிதல். சரியான தமிழ் உரையில் எந்தச் சொல்லும் கொம்பில் தொடங்காது. இடைவெளிக்கு அடுத்து 'ெ', 'ே', 'ை' மூன்றில் ஒன்று வந்தால் அந்தப் பக்கம் வடிவ வரிசையில் இருக்கிறது என்று பொருள். பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சரியாக இருக்கும் பக்கத்தில் நிரலை ஓட்டினால் 'கைவிடு' என்பதில் உள்ள இணைக்கொம்பு வகரத்துக்குத் தாவிவிடும். அடுத்தது இடமாற்றம்: கொம்பை அதற்கடுத்த மெய்யின் பின்னால் தள்ளுவது. முதல் ஓட்டத்தில் 'தீக்ஷை' உடைந்தது, கொம்பு ககரத்தோடு நின்றுவிட்டது. க்ஷகரத்தை ஒரே எழுத்தாகக் கொள்ளச் சொன்னபின் சரியானது. கடைசியில் கொம்பையும் காலையும் ஒட்டி ஒகரக்குறி, ஓகாரக்குறிகளாக ஆக்கியதும் 'கொள்கை' தேடலில் கிடைத்தது.

மிஞ்சியவை 'கௌரவம்' போன்ற சொற்கள். ஔகாரக்குறி வர வேண்டிய இடத்தில் அறிக்கையைத் தட்டியவர்கள் சில இடங்களில் ளகரத்தைப் போட்டு 'கெளரவம்' என்று அடித்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எல்லா 'ெ-ள' இணையையும் ஔகாரமாக்கிவிடலாம் என்றால் 'தெளிவு', 'வெளியீடு', 'தெளிதல்' எல்லாம் நடுவில் வந்து நின்றன. அந்த இடங்களுக்கு மட்டும் நிரலை நிறுத்திவிட்டு, பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் திருத்தினேன்.